மதினி எல்விஎன் படிச்ச கணக்கு: 4,600 டாலர் கோர்ஸ் 42,000 ஆன விதம்

கேஸ் இதுதான். மதினிக்கு வயசு 38, ஊர்ல பி.காம் முடிச்சது, அமெரிக்கா வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, கிரீன் கார்டு இருக்கு, பசங்க ரெண்டு பேரும் எலிமென்டரி ஸ்கூல், அண்ணனுக்கு சாதாரண ஐடி வேலை, வீடு டாலஸ் பக்கம். மதினி வீட்டுக்கு பக்கத்துல ஒரு டேகேர்ல அசிஸ்டென்ட் டீச்சரா மணிக்கு 15 டாலருக்கு போயிட்டு இருந்தாங்க, அது பெருசா ஏறுற மாதிரியும் தெரியல. அப்பதான் கம்யூனிட்டி காலேஜ்ல (ஃபீஸ் கம்மியான உள்ளூர் அரசு காலேஜ்) எல்விஎன்னு ஒரு வருஷ நர்சிங் சர்டிஃபிகேட் இருக்கு, முடிச்சா மணிக்கு 27, 28 வரும்னு கூட வேலை பாத்த அம்மா ஒருத்தங்க சொல்லி, சேரலாமா வேணாமான்னு வீட்ல மாசக்கணக்குல பேச்சு. தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா ஒரு பாதி "நல்ல கோர்ஸ், கண்ண மூடிட்டு சேரு", மறு பாதி "அதெல்லாம் வேஸ்ட், நேரா ஆர்என் பண்ணு", அதாவது முழு நர்ஸ் படிப்பு. ரெண்டு பேருமே காச எண்ணிக் காட்டல. அதனால எக்செல்ல நான் போட்டேன், முடிச்சு வேலைக்கும் போனதுக்கப்புறம் எந்த நம்பர் நின்னுது எது நிக்கலன்னு தெரிஞ்சு போச்சு, அதத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல இது என்ன படிப்புன்னு கொஞ்சம். அமெரிக்க ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம் (வயசானவங்கள தங்க வச்சு பாத்துக்குற இடம்) எல்லாத்துலயும் நர்சிங் வேலை மூணு படி. கீழ சிஎன்ஏ, அதாவது குளிப்பாட்டுறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, பிபி பாக்குறது. சில வாரம் ட்ரெயினிங் போதும். நடுவுல எல்பிஎன், டெக்ஸஸ்லயும் கலிஃபோர்னியாலயும் மட்டும் அதுக்கு பேரு எல்விஎன். மாத்திரை, ஊசி, புண்ணுக்கு கட்டு, ட்யூப் ஃபீடிங் எல்லாம் இவங்க கை. மேல ஆர்என். டெக்ஸஸ் சட்டப்படி பேஷன்ட்ட முழுசா அசெஸ் பண்ணி கேர் பிளான் போடுறது ஆர்என் வேலை, எல்விஎன் ஒரு ஆர்என் இல்லன்னா டாக்டர் மேற்பார்வையில குறிப்பிட்ட அளவுக்குத்தான் பாக்கலாம். சம்பள வித்தியாசம் பூரா அந்தக் கோட்டுலதான் நிக்குது. 2024 மே மாச பிஎல்எஸ் (அமெரிக்க அரசோட வேலை, சம்பள புள்ளிவிவரத் துறை) கணக்குல எல்பிஎன்னோட மீடியன் வருஷ சம்பளம் 62,340 டாலர், ஆர்என்னுக்கு 93,600. சிஎன்ஏ 39,000 சொச்சம். இது எல்லாம் மீடியன், அதாவது வரிசையில நடுவுல நிக்கிறவரோட சம்பளம், பத்து இருபது வருஷம் அனுபவம் உள்ளவங்களும் அதுக்குள்ள இருக்காங்க, புதுசா வர்றவங்களுக்கு அந்த நம்பர் முதல் நாளே வராது, காலேஜ் நோட்டீஸ்ல இத சொல்ல மாட்டாங்க.

கோர்ஸ் சின்னதுன்னு நினைக்காதீங்க. டெக்ஸஸ்ல குறைஞ்சது 1,398 மணி நேரம் வேணும், அதுல 558 கிளாஸ், 840 கிளினிக்கல், அதாவது பேஷன்ட்டுங்க இருக்கிற இடத்துல நேரடிப் பயிற்சி. கலிஃபோர்னியால 1,530. பன்னெண்டு மாசத்துக்குள்ள இத அடக்கணும்னா திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அது ஃபுல் டைம் வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது.

ஒரு விஷயம் இடையில சொல்லிடுறேன். ஊர்ல ஜிஎன்எம் இல்ல பிஎஸ்சி நர்சிங் முடிச்சுட்டு இங்க வந்தவங்க இந்தக் கோர்ஸ் பக்கமே போகாதீங்க. சர்டிஃபிகேட் எவாலுவேஷன் பண்ணி நேரா ஆர்என் பரீட்சை எழுத வழி இருக்கா பாருங்க, அதுக்கு பேப்பர் வேலை ஆறேழு மாசம் இழுத்தாலும் பரவால்ல. ஹெச்4ல (ஹெச்1பில வேலை பாக்குறவங்களோட கணவன், மனைவிக்கான விசா) இருக்கவங்க படிக்கலாம், ஆனா ஈஏடிங்கிற வேலை அனுமதி அட்டை இல்லாம வேலைக்கு போக முடியாது, அத வச்சு கணக்கு போடுங்க. ஊர்ல இருந்தே இதுக்குன்னு வரலாமான்னும் கேக்குறாங்க. நர்ஸுகளுக்கு கிரீன் கார்டு சுலபமாக்குற ஷெட்யூல் ஏ லிஸ்ட்ல ஆர்என் இருக்காங்க, எல்பிஎன் இல்ல. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

சரி, செலவு.

காலேஜ் வெப்சைட்ல பெரிய எழுத்துல இருந்தது ட்யூஷனும் ஃபீஸும் சேத்து 4,600 டாலர், அதே கவுண்டியில, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, குடியிருக்கிறவங்களுக்கான ரேட். அண்ணன் அத பாத்துட்டுத்தான் "ஐயாயிரம்தானடா, ஒரு போனஸ்ல முடிஞ்சிரும்"னாரு. அதுக்கு முன்னாடி அனாடமி கிளாஸும் நுழைவுப் பரீட்சையும் 700. புக்கு, கூடவே வாங்கியே ஆகணும்னு சொல்ற ஆன்லைன் டெஸ்ட் பேக்கேஜ், 1,400. யூனிஃபார்ம், ஷூ, ஸ்டெத்தாஸ்கோப் 300. தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, பேக்ரவுண்டு செக், ட்ரக் டெஸ்ட், சிபிஆர் கார்டு எல்லாம் 400. கடைசியில லைசென்ஸ் பரீட்சை என்கிளெக்ஸுக்கு 200, ஸ்டேட் போர்டு அப்ளிகேஷன், கைரேகை எல்லாம் 150. இதுவே 7,750 ஆயிடுச்சு. கிளினிக்கல் ஒவ்வொரு மாசமும் வேற வேற இடத்துல, அதுவும் காலையில ஆறரைக்கு அங்க நிக்கணும், பெட்ரோலும் டோலும் 1,100. ஆறரைக்கு அங்க நிக்கணும்னா பசங்கள யாரு ஸ்கூலுக்கு அனுப்புறது? காலையிலயும் சாயங்காலமும் ஸ்கூல்லயே பாத்துக்குற ப்ரோக்ராம், லீவுக்கு சம்மர் கேம்ப், ரெண்டு பேருக்கும் 4,800. அதாவது பசங்கள பாத்துக்க ஆன காசு ட்யூஷன விட ஜாஸ்தி. மொத்தம் 13,650. டேக்ஸ்ல லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்னு ஃபீஸ்ல 20 சதவீதம் திரும்பி வந்துச்சு, சுமாரா 900. மீதி 12,750.

இன்னும் பெரிய செலவு வரல.

டேகேர் வேலைய விட்டாங்கல்ல. மணிக்கு 15, வாரம் 40 மணி, வருஷத்துக்கு 31,200. கோர்ஸ் பன்னெண்டு மாசம், ஆனா முடிச்ச அன்னைக்கே வேலை கிடையாது. காலேஜ் பேப்பர் அனுப்பி, போர்டு அனுமதி குடுத்து, பரீட்சை தேதி கிடைச்சு, ரிசல்ட் வந்து, வேலைக்கு சேந்து, அது ஒரு ரெண்டு மாசம். ஆகமொத்தம் பதினாலு மாசம் சம்பளம் இல்ல, 36,400 டாலர். டெக்ஸஸ்ல ஸ்டேட் டேக்ஸ் கிடையாது, ஃபெடரல் டேக்ஸும் சோஷியல் செக்யூரிட்டியும் போக கைக்கு வந்திருக்க வேண்டியது 29,000 கிட்ட. இத சேத்தா 41,750. வெப்சைட்ல போட்ட 4,600ங்கிறது மொத்தத்துல ஒன்பதுல ஒரு பங்கு! இத காட்டினப்போ அண்ணன் கொஞ்ச நேரம் ஷீட்டையே பாத்துட்டு "ஃபார்முலா சரியா இருக்கா"ன்னு மட்டும் கேட்டாரு.

பெல் கிராண்ட், அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத அரசு படிப்பு உதவி, அத பத்தி கேப்பீங்க. கிரீன் கார்டு இருக்குறதால மதினியும் அப்ளை பண்ணாங்க, ஆனா ஏற்கனவே டிகிரி முடிச்சவங்களுக்கு, ஊர்ல வாங்கின பி.காம்னாலும், அது கிடையாது, ஒண்ணும் வரல. மத்தவங்களுக்கு குடும்ப வருமானத்த பாத்துத்தான் குடுப்பாங்க. அதிகபட்சம் வருஷத்துக்கு 7,395 டாலர். மதினி கூட படிச்ச, குழந்தைகள தனியா வளக்குற ஒரு பொண்ணுக்கு கிட்டத்தட்ட முழுசா கிடைச்சு, ட்யூஷனும் புக்கும் அதுலயே முடிஞ்சு மிச்சமும் கைக்கு வந்துச்சு. அதே கிளாஸ், அதே வாத்தியாரு, ஆனா அந்தப் பொண்ணோட கணக்கு வேற கணக்கு. அதனாலதான் அடுத்தவங்க சொல்ற "எனக்கு இவ்ளோதான் ஆச்சு"ங்கிறத அப்படியே எடுக்கக்கூடாதுன்னு சொல்றேன்.

இப்ப வரவு. நர்சிங் ஹோம்ல ஆரம்பம் மணிக்கு 27ன்னு வச்சேன். வாரம் 40 மணின்னா வருஷம் 56,160. பழைய வேலையோட வித்தியாசம் 24,960, டேக்ஸ் போக தோராயமா 20,000. அப்போ 41,750 திரும்ப வர இருபத்தஞ்சு மாசம். வாரத்துக்கு மூணு பன்னெண்டு மணி ஷிஃப்ட், அதாவது 36 மணிதான் பாப்பேன்னா வித்தியாசம் டேக்ஸுக்கு முன்னாடி 19,344ஆ சுருங்கி, முப்பத்திரெண்டு மாசம் ஆகும். 38 வயசுக்கு ரெண்டரை வருஷத்துல போட்டது திரும்பி வருதுன்னா நல்ல கணக்குதான், மறுக்கல. மதினி ஏற்கனவே சிஎன்ஏவா இருந்து மணிக்கு 18 வாங்கிட்டு இருந்தா இவ்ளோ வேகமா வராது. விடுற சம்பளமும் ஜாஸ்தி, ஏறுற வித்தியாசமும் கம்மி. ஆனா சிஎன்ஏவுக்கு ஒரு சவுகரியம் உண்டு, சனி ஞாயிறு மட்டும் வேலை பாத்துட்டே படிக்கலாம், சில நர்சிங் ஹோம் ஃபீஸ் கூட கட்டுவாங்க, பதிலுக்கு இவ்ளோ நாள் எங்ககிட்டதான் இருக்கணும்னு கையெழுத்து வாங்கிப்பாங்க, அந்தப் பேப்பர படிச்சுட்டு போடுங்க.

அடுத்தது "நேரா ஆர்என் பண்ணு" கோஷ்டி. அவங்க சொல்றதுல தப்பில்ல, மீடியன் வச்சுப் பாத்தா ரெண்டுக்கும் நடுவுல வருஷம் 31,260 டாலர் வித்தியாசம். ஆர்என் ஆகுறத ஒரு வருஷம் தள்ளிப் போட்டா அவ்வளவும் தள்ளிப் போகுது. கம்யூனிட்டி காலேஜ்லயே ஏடிஎன்ங்கிற ரெண்டு வருஷ நர்சிங் டிகிரி படிச்சா ஆர்என் பரீட்சை எழுதலாம். ஆனா அதுக்கு சீட்டு கிடைக்கணுமே. பயாலஜி, மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி மாதிரி முன்பாடம் எல்லாம் ஏ கிரேடு வாங்கினவங்களே வரிசையில நிக்கிறாங்க, பி.காம் படிச்ச மதினிக்கு அந்த முன்பாடம் முடிக்கவே ஒரு வருஷம், அப்புறம் சீட்டுக்கு காத்திருப்பு, அப்புறம் ரெண்டு வருஷம். இதெல்லாம் சேத்தா மூணரை நாலு வருஷம் கைக்கு ஒண்ணும் வராது, இல்ல டேகேர்ல அரைநேரம் பாத்துட்டு நைட்டு படிக்கணும். இந்த இடத்துலதான் எல்விஎன்னோட உண்மையான மதிப்பு இருக்குன்னு எனக்கு தோணுது. 62,000 சம்பளத்துக்காக அத படிக்கறதில்ல. எல்விஎன் லைசென்ஸ் வாங்கிட்டா, பின்னாடி ஆர்என் படிக்கிற வருஷத்துல வாரக்கடைசி ரெண்டு நாள் வேலை பாத்தாலே டேகேர்ல முழு வாரம் பாத்ததுக்கு மேல வரும். ஆர்என் படிப்போட பெரிய செலவே விட்ட சம்பளம்தான், அத இது பாதிக்கு மேல குறைச்சுடுது. அந்தக் கணக்க கீழ போடுறேன்.

ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை, படிச்ச காலேஜ்லயோ பக்கத்துலயோ எல்விஎன்ல இருந்து ஆர்என் போற பிரிட்ஜ் கோர்ஸ் இருக்கணும், இங்க முடிச்ச பாடத்துக்கான கிரெடிட்ட அங்க எடுத்துக்கணும். இதே எல்விஎன்ன இருபதாயிரம் முப்பதாயிரம் டாலருக்கு விக்கிற பிரைவேட் ஸ்கூல்கள் இருக்கு, வரிசை கிடையாது, அடுத்த மாசமே சேத்துப்பாங்க, போன் பண்ணா உருகி உருகி பேசுவாங்க. லைசென்ஸ் அதேதான், சம்பளமும் அதேதான். ஆனா பல இடத்துல அந்த கிரெடிட்ட கம்யூனிட்டி காலேஜ் ஏத்துக்காது, ஆர்என் போகணும்னா முதல்ல இருந்து பாடம் எடுக்கணும். நம்ம ஆளுங்க ரெண்டு குடும்பம் அப்படி மாட்டினது தெரியும். காத்திருக்க பொறுமை இல்லாததுக்கு இருபதாயிரம் டாலர் ரொம்ப அதிகம்.

காலேஜ் பாக்கும்போது எல்லாரும் என்கிளெக்ஸ் பாஸ் ரேட்ட கேக்குறாங்க. கேளுங்க, ஸ்டேட் போர்டு ஒவ்வொரு காலேஜுக்கும் வெளியிடுது, டெக்ஸஸ்ல முதல் தடவை எழுதுறவங்கள்ல 80 சதவீதம் பாஸ் ஆகணும்னு விதியே இருக்கு. ஆனா அந்த சதவீதம் முடிச்சுட்டு பரீட்சை எழுதினவங்களுக்கு மட்டும். நடுவுல விட்டவங்க அதுல வரவே மாட்டாங்க. மதினி கிளாஸ்ல ஆரம்பிச்சவங்கள்ல மூணுல ஒரு பங்கு பேரு கடைசி வரைக்கும் இல்ல, அதுல பாதிக்கு மேல ஃபார்மகாலஜியிலயும் மருந்து அளவு கணக்குலயும் போனவங்க. அப்படி விட்டவங்களுக்கு ட்யூஷனும் போச்சு, சம்பளமும் போச்சு, லைசென்ஸும் இல்ல. அதனால கேக்க வேண்டிய கேள்வி, சேந்த நூறு பேர்ல எத்தன பேர் சொன்ன டைம்ல முடிக்கிறாங்கன்னுதான். இத கேட்டப்போ அட்மிஷன் ஆபீஸ்ல ஒரு தடவை முழிச்சாங்க, அப்புறம் குடுத்தாங்க.

படிக்கும்போது எதிர்பாக்காம வந்தது தடுப்பூசி விவகாரம். நம்ம ஊர்ல பிறந்தவங்களுக்கு இது கண்டிப்பா வரும். மதினிகிட்ட சின்ன வயசு ஊசி ரெக்கார்டு எதுவும் கிடையாது. ஹெபடைட்டிஸ் பி ஊசி முழுசா முடிக்காம பேஷன்ட் பக்கம் விட மாட்டாங்க, வழக்கமான மூணு ஊசி கோர்ஸ் ஆறு மாசம் இழுக்கும். நல்லவேளை ஒரு மாசத்துல முடியுற ரெண்டு ஊசி வகை இருக்குன்னு பார்மசிஸ்ட் சொல்லி தப்பிச்சாங்க, இல்லன்னா அந்த பேட்ச் போயிருக்கும், அடுத்த பேட்ச் வரைக்கும் காத்திருப்பு. டிபிக்கு கையில போடுற ஸ்கின் டெஸ்ட்டும் அப்படித்தான், ஊர்ல பிசிஜி போட்டிருந்தா வீங்கி பாசிட்டிவ் காட்ட வாய்ப்பு இருக்கு, உடனே எக்ஸ்ரே அது இதுன்னு அலைய விடுவாங்க. முதல்லயே ரத்தப் பரிசோதனையா பண்ணிக்கிறேன்னு கேளுங்க, அது பிசிஜிய பாத்து ஏமாறாது.

என்கிளெக்ஸ் குறைஞ்சது 85 கேள்வி, அதிகபட்சம் 150, அஞ்சு மணி நேரம், நாம பதில் சொல்றத பொறுத்து கம்ப்யூட்டர் கேள்வியோட கஷ்டத்த மாத்திட்டே போகும், எப்ப முடியும்னே தெரியாது. ஃபெயில் ஆனா 45 நாள் கழிச்சுத்தான் மறுபடி. பரீட்சை ஃபீஸ் 200தானேன்னு அலட்சியமா போய் எழுதுறவங்க இருக்காங்க, அந்த ஆறு வாரத்துக்கு 27 டாலர் கணக்குல 6,480 சம்பளம் போகுது. மதினி மூணு வாரம் வேற எதையும் தொடாம உக்காந்து படிச்சு முதல் தடவையே முடிச்சாங்க.

வேலை நர்சிங் ஹோம்லயே கிடைச்சுது, மணிக்கு 27.50. எல்பிஎன்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல நர்சிங் ஹோம் மாதிரி இடங்கள்லதான் இருக்காங்க, ஆஸ்பத்திரி ரொம்ப குறைச்சுட்டாங்க. புதுசா வர்றவங்களுக்கு அவங்க குடுத்தது சாயங்காலம் மூணுல இருந்து ராத்திரி பதினொண்ணு. எக்செல்ல நான் 40 மணின்னு போட்டேன், அது எந்த 40 மணிங்கிறதுக்கு அதுல கட்டமே இல்ல. பசங்க ஸ்கூல் விட்டு வரும்போது அம்மா கிளம்புறாங்க. ஒரு நர்ஸுக்கு முப்பது பேரு கிட்ட, மாத்திரை குடுத்து முடிக்கவே பாதி ஷிஃப்ட் போகும், நடுவுல ஒருத்தர் விழுந்தா அன்னைக்கு சாப்பாடு கிடையாது. மதினிக்கு வேலை தெரியாம இல்ல, "தம்பி, ஒருத்தர்கிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேச முடியல, வண்டிய தள்ளிட்டே ஓட வேண்டியிருக்கு"ன்னுதான் சொன்னாங்க. எட்டு மாசம் பாத்துட்டு ஒரு குழந்தைகள் கிளினிக்குக்கு மாறிட்டாங்க, காலையில எட்டுல இருந்து அஞ்சு, சனி ஞாயிறு லீவு, மணிக்கு 25. வருஷம் 52,000. போட்ட காசு திரும்ப வர்ற கணக்கு இருபத்தஞ்சு மாசத்துல இருந்து இருபத்தெட்டுக்கு போச்சு. அண்ணனும் நானும் அத பத்தி வாயே திறக்கல.

இன்னொரு பக்கமும் பாக்கணும், இந்த நடுப்படி எவ்ளோ நாளைக்கு உறுதி? 2024ல மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நிர்வாகம் நர்சிங் ஹோம்களுக்கு ஒரு விதி போட்டாங்க, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தன மணி நேரம் நர்சிங்னு, அதுல ஆர்என்னுக்கு 0.55 மணி, சிஎன்ஏவுக்கு 2.45 மணின்னு தனித்தனியா கட்டாயம், மொத்தம் 3.48. எல்பிஎன்னுக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது. 2025 ஏப்ரல்ல டெக்ஸஸ் ஃபெடரல் கோர்ட் அந்த விதிய ரத்து பண்ணிடுச்சு, அதனால இப்போதைக்கு பயமில்ல. ஆனா சட்டம் எழுத உக்காந்தவங்களுக்கு மேல் படியும் கீழ் படியும்தான் கண்ணுல பட்டுச்சு. இருபது வருஷம் இதுலயே இருந்துடலாம்னு நினைக்கிறவங்க இத யோசிக்கணும்.

அதனால இப்ப பேச்சு பிரிட்ஜ். படிச்ச காலேஜ்லயே ஒரு வருஷம், சம்மர்ல ஒரு டிரான்சிஷன் பாடமும் அப்புறம் ரெண்டு செமஸ்டரும். ஃபீஸ், புக்கு, புது லைசென்ஸ் எல்லாம் 5,000 வருது. கிளினிக் வேலைய விட்டுட்டு சனி ஞாயிறு நர்சிங் ஹோம்ல ரெண்டு பன்னெண்டு மணி ஷிஃப்ட். வாரக்கடைசிக்கு மட்டும் ஆளெடுத்து கூட காசு குடுக்குற பழக்கத்த இங்க பேய்லர் ஷிஃப்ட்ம்பாங்க, டாலஸ் பேய்லர் ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சதுதான் அது. மணிக்கு 29 வச்சு அம்பது வாரத்துக்கு 34,800. கிளினிக்ல வந்திருக்க வேண்டிய 52,000ல விட்டது 17,200, டேக்ஸ் போக 14,000. ஆக ஆர்என்னுக்கு உண்மை செலவு 19,000, அதே ஆளு டேகேர்ல இருந்து நேரா போயிருந்தா ரெண்டு வருஷ சம்பளமே அம்பதாயிரம் போயிருக்கும். புது ஆர்என்னுக்கு மணிக்கு 35, வாரம் 36 மணின்னா 65,520. கிளினிக்க விட 13,520 கூட, கைக்கு 11,000, இருபத்தோரு மாசத்துல சரியாயிடும், அதுக்கப்புறம் ஏறுற வேகமே வேற.

இதுல ஒரு கெடு இருக்கு. அனாடமி மாதிரி சயின்ஸ் பாடம் அஞ்சு வருஷத்துக்கு மேல பழசானா அந்தக் காலேஜ் எடுத்துக்காது, மதினியோடது இப்பவே நாலாவது வருஷம். மிச்சம் இருந்த மைக்ரோபயாலஜிய ராத்திரி கிளாஸ்ல எடுத்துட்டு இருக்காங்க, பிரிட்ஜுக்கு அப்ளிகேஷனும் போட்டாச்சு. அண்ணன் சனி ஞாயிறு பசங்கள பாத்துக்கிறேன்னு ஒத்துக்கிட்டாரு, கிரிக்கெட் டீம்ல பேர எடுக்க சொல்லிட்டு.